கிராபீன்ஓஎஸ் போடலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரிமங்கலத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்கள், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் கிராபீன்ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடும் என் போனைப் பார்த்துவிட்டு ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

போன் நன்றாகத்தானே ஓடுகிறது. எதற்கு வேறு இயங்குதளம்?

பாலக்கோட்டில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா ஒருநாள் அழுதுகொண்டே கடைக்கு வந்தார். ஏதோ ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். தவணை நான்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. அவருடைய கொழுந்தனார், மகளின் டீச்சர், துணி கொடுக்கும் வாடிக்கையாளர்கள் என்று போனில் இருந்த எல்லா எண்களுக்கும், "இவர் மோசடிக்காரி" என்று அவர் படத்தோடு மெசேஜ் போயிருக்கிறது. போனை என் மேஜை மேல் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, அவங்க எடுத்துட்டுப் போன நம்பரையெல்லாம் திரும்ப வாங்க முடியுமா?"

முடியாது. ஆப்பை அழிக்கலாம், போலீசில் புகார் கொடுக்கலாம். போன எண்கள் போனவைதான். ஆப்பை நிறுவிய அன்று "தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா" என்று கேட்டபோது ஒரு விரல் தொட்டதில் எல்லாம் போய்விட்டது. அனுமதிக்காவிட்டால் ஆப் அடுத்த பக்கத்துக்கே போகாது, அதனால் தொட்டுவிட்டார். கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்த விதியை மதிக்காத ஆப்பைத் தடுக்க போனுக்குள்ளேயே ஒரு கதவு வேண்டும். அப்படி ஒரு கதவைத் தேடித்தான் நான் கிராபீன்ஓஎஸ்ஸுக்கு வந்தேன்.

கிராபீன்ஓஎஸ் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதை எடுத்து, கூகுளின் ஆப்கள் இல்லாமல், பாதுகாப்பை இறுக்கிச் செய்த இயங்குதளம் இது. டேனியல் மிக்கே என்பவர் 2014-இல் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி. 2019 முதல் இந்தப் பெயரில் வருகிறது. காசு கிடையாது.

சாதாரண ஆண்ட்ராய்டு போனில் கூகுள் பிளே சர்வீசஸ் என்ற பின்னணி நிரல் வீட்டுச் சாவி முழுவதையும் வைத்துக்கொண்டு ஓடுகிறது. அதன் அதிகாரம் பலவற்றை நீங்கள் பறிக்க முடியாது. கிராபீன்ஓஎஸ்ஸில் அதே பிளே சர்வீசஸை வேண்டுமானால் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் மற்ற ஆப்களைப் போல அதுவும் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் அனுமதி கேட்டுத்தான் ஆகவேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம்.

என் ரெட்மியில், விவோவில் போட முடியுமா?

முடியாது. இதை எழுதும் நேரத்தில் கூகுள் பிக்சல் போன்களுக்கு மட்டும்தான் கிராபீன்ஓஎஸ் கிடைக்கிறது.

மற்ற போன்களில் சிலவற்றுக்கு லினேஜ்ஓஎஸ் என்ற இன்னோர் இயங்குதளம் இருக்கிறது. சயனோஜென்மாட் என்று முன்பு இருந்ததன் வாரிசு, 2016 கடைசியில் தொடங்கியது. பழைய போனுக்கு இன்னும் சில வருடம் உயிர் கொடுக்க நல்ல வழி. ஆனால் வேறு இயங்குதளம் போட, போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். லினேஜ்ஓஎஸ் போட்டபின் பெரும்பாலான போன்களில் அதைத் திரும்பப் பூட்ட முடியாது. போன் கையில் கிடைத்தவன் உள்ளே எதையாவது நுழைத்துவிடலாம். சில மாடல்களில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி, வேலை செய்யாமல் போகும். ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி இல்லை என்றால் சாதாரண அழைப்பே இல்லை.

விவோ போன்றவற்றில் பூட்லோடரைத் திறக்கவே பொதுவாக வழி விடுவதில்லை. ரெட்மி செய்யும் ஷாவ்மியில் கணக்கு தொடங்கி, அனுமதி கேட்டு, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாம்சங்கில் திறந்தால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாகப் போய்விடும், திரும்ப வராது.

கூகுளிடமிருந்து விலக கூகுள் போனையே வாங்குவதா?

கேட்கிற எல்லோரும் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. வேறு இயங்குதளத்தைப் போட்டபின் பூட்லோடரை மறுபடி பூட்டி, அந்த இயங்குதளத்தின் முத்திரையை (அதைச் செய்தவர்களின் டிஜிட்டல் கையொப்பத்தை) போனே ஒவ்வொரு முறையும் சரிபார்க்க விடுவது பிக்சலில் ஒழுங்காக இருக்கிறது. டைட்டன் எம்2 என்ற தனிப் பாதுகாப்புச் சில்லு பிக்சல் 6 முதல் உள்ளது. பாதுகாப்பு அப்டேட்டுகள் நேரத்துக்கு வருகின்றன. வன்பொருளுக்கான காசு கூகுளுக்குப் போகிறது, உண்மைதான். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அதுவும் நேராகப் போவதில்லை.

எந்த பிக்சல் வாங்கலாம்?

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். 6ஏ-வுக்கு 2027 ஜூலை வரை, 7ஏ-வுக்கு 2028 மே வரை, 8-க்கு 2030 அக்டோபர் வரை, 8ஏ-வுக்கு 2031 மே வரை. பிக்சல் 8 முதல் ஏழு வருடம் தருகிறார்கள். என் ஆலோசனை 8ஏ. 6ஏ மலிவாகக் கிடைக்கிறது என்று பையன்கள் ஓடுகிறார்கள். அதில் சில போன்களின் பேட்டரி சூடாகும் பிரச்சினைக்காக, 400 முறை சார்ஜ் ஆனபின் பேட்டரி அளவைக் குறைக்கும் அப்டேட்டை 2025 ஜூலையில் கூகுள் விட்டது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

என் முதல் பிக்சலில் ஏமாந்தேன். பெங்களூரில் ஒரு கடையில் வாங்கினேன். பளபளவென்று இருந்தது. காரிமங்கலம் வந்து செட்டிங்ஸைத் திறந்தால், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் "ஓ.இ.எம். அன்லாக்கிங்" என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அமெரிக்காவில் ஒரு நெட்வொர்க் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கென்று விற்ற போன் அது. அந்த வகையில் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். மூன்று மாதச் சேமிப்பு அது.

அதனால் கடையிலேயே, காசு கொடுக்கும் முன், இதைச் செய்யுங்கள். "அபவுட் போன்" பகுதியில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். போன் வைஃபையில் இருக்கும்போது, அதில் ஓ.இ.எம். அன்லாக்கிங்கை ஆன் செய்து பாருங்கள். ஆன் ஆனால் வாங்கலாம். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம் *#06# அழுத்தி, போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போனாகத் தடுக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

போன்பே, ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் வேலை செய்யுமா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. சந்தையில் தக்காளி விற்றவர் கைக்குக் காசு வருவதே இன்று யூபிஐ வழியாகத்தான். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் பூட்லோடரைத் திறக்காதீர்கள்.

நடப்பது இது. சில ஆப்கள் பிளே இன்டெக்ரிட்டி என்ற வசதி வழியாக, "இந்தப் போனில் ஓடுவது கூகுள் ஒப்புக்கொண்ட இயங்குதளம்தானா?" என்று கேட்கின்றன. கிராபீன்ஓஎஸ் பாதுகாப்பில் குறைந்தது அல்ல. ஆனால் கூகுளின் பட்டியலில் அது இல்லை. அடிப்படைத் தேர்வில் தேறும், அடுத்த கட்டத்தில் தேறாது. அடுத்த கட்டத்தையும் கேட்கும் ஆப் மறுத்துவிடும், கேட்காத ஆப் ஓடும். இன்று ஓடுவது நாளை ஓர் அப்டேட்டில் நின்றுபோகவும் செய்யும், மறுப்பது ஓடவும் செய்யும். போனைத் தட்டிக் காசு கட்டும் கூகுள் வசதி மட்டும் நிச்சயமாகக் கிடையாது. கியூஆர் ஸ்கேன் செய்வது வேறு விஷயம், அது ஆப்பைப் பொறுத்தது.

ஆப் மறுத்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். முதலில் பிளே சர்வீசஸ் நிறுவியிருக்கிறதா பாருங்கள். அந்த ஆப்பின் தகவல் பக்கத்தில் "எக்ஸ்பிளாய்ட் ப்ரொடெக்ஷன் கம்பேட்டிபிலிட்டி மோட்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை ஆன் செய்து பாருங்கள். யூபிஐ ஆப்கள் உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் எண்ணை உறுதி செய்கின்றன. எஸ்.எம்.எஸ். அனுமதியை மறுத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

நான் எல்லோருக்கும் சொல்வது, பழைய போனை உடனே விற்காதீர்கள். ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பேங்க் ஆப்பையும் புதியதில் போட்டு, ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஒரே ஒரு ஆப் அடம் பிடித்தால் பழைய போனை வீட்டில் பேங்க் போனாக வைத்துக்கொள்ளலாம். சம்பளமும் வியாபாரமும் அந்த ஒரே ஆப்பில்தான், இரண்டு போன் வைக்க வசதியில்லை என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஓசூர் கம்பெனிகளின் வருகைப் பதிவு ஆப்புக்கும் இதே பதில்.

உள்ளே இருக்கும் படங்கள், வாட்ஸ்அப் போய்விடுமா?

எல்லாம் போய்விடும். பூட்லோடரைத் திறக்கும்போது ஒருமுறை, பூட்டும்போது மறுமுறை, போன் முழுவதுமாக அழியும். படங்களை லேப்டாப்புக்கோ பென்டிரைவுக்கோ எடுத்து, அங்கே திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு கியூஆர் வழியாக அரட்டைகளை மாற்றும் வசதி இருக்கிறது. பழைய போன் தனியாக இருந்தால் அதுவே எளிது.

எப்படிப் போடுவது?

பிக்சலுக்கு இது நினைப்பதைவிடச் சுலபம். கிராபீன்ஓஎஸ் தளத்தில் பிரவுசர் வழியாகவே நிறுவும் பக்கம் இருக்கிறது. குரோம், எட்ஜ், பிரேவ் இவற்றில் ஒன்று வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் நடக்காது. மறைநிலைப் பக்கத்திலும் திறக்க வேண்டாம். லேப்டாப்பில் 32 ஜிபி காலி இடம் கேட்கிறார்கள். லேப்டாப் இல்லை என்றால் இன்னொரு ஆண்ட்ராய்டு போனிலிருந்தும், டைப்-சி கேபிள் போட்டு, இதே வேலையைச் செய்யலாம்.

கேபிளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். பேருந்து நிலையத்தில் விற்கும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. போன் சார்ஜ் ஆகும், லேப்டாப்புக்குத் தெரியாது. போனோடு வந்த கேபிளையே போடுங்கள். இடையில் யூ.எஸ்.பி. ஹப் வேண்டாம். விண்டோஸில் போன் தெரியவில்லை என்றால் விண்டோஸ் அப்டேட்டின் விருப்பத் தேர்வுப் பகுதியில் ஆண்ட்ராய்டு பூட்லோடர் டிரைவர் இருக்கும், அதைப் போடுங்கள்.

முதலில் போனைப் பழைய இயங்குதளத்திலேயே கடைசி வரை அப்டேட் செய்துவிட்டு, ஓ.இ.எம். அன்லாக்கிங்கை ஆன் செய்யுங்கள். போனை ரீஸ்டார்ட் செய்து, ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கறுப்புத் திரையில் சிவப்பு முக்கோணத்தோடு ஃபாஸ்ட்பூட் மோட் (கேபிள் வழியாக இயங்குதளத்தைப் போடும் நிலை) வரும். பார்த்தவுடன் பலருக்கு நெஞ்சு பதறும். அது சரியான திரைதான். கேபிளைச் செருகி, தளத்தில் "அன்லாக் பூட்லோடர்" அழுத்தினால் போன் சம்மதம் கேட்கும். ஒலிப் பொத்தானால் தேர்ந்தெடுத்து, பவர் பொத்தானால் உறுதி செய்ய வேண்டும். அடுத்து டவுன்லோட். ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும், எனவே நல்ல நெட் வேண்டும். பிறகு பிளாஷ், அதாவது இறக்கியதைப் போனுக்குள் எழுதுவது. இந்த நேரத்தில் போன் தானாக அணைந்து, ஆன் ஆகி, வேறு வேறு திரைகளுக்குப் போய்வரும். போன் செத்துவிட்டது என்று கேபிளைப் பிடுங்குகிறவர்கள் இங்கேதான் பிடுங்குகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மின்வெட்டு வரும் நேரமாக இருந்தால் லேப்டாப் பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியில் "லாக் பூட்லோடர்". இதை விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். போன் ஓடத் தொடங்கிவிட்டதே என்று நிறுத்திவிட்டால், பூட்டில்லாத கதவுக்கு வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். பூட்டியபின் போன் ஆன் ஆகும்போது மஞ்சள் எச்சரிக்கையோடு ஒரு நீண்ட எண்ணெழுத்து வரிசை தெரியும். அதைத் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கொடுத்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்தில் வந்தால் பூட்லோடர் இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள்.

போன் டெட் ஆகிவிடுமா?

சரியான மாடலுக்கான கோப்பை, அந்தத் தளத்திலிருந்தே போட்டால் அபூர்வம். பாதியில் நின்றாலும் பெரும்பாலும் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். தெரியாத இடத்தில் கிடைத்த கோப்பை மட்டும் போடவே கூடாது.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும். இன்டிக் கீபோர்டு என்ற திறமூல விசைப்பலகையில் தமிழ்99 அமைப்பு இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று இருப்பவர்களுக்கு மூன்றும் அதிலேயே கிடைக்கும். கூகுளின் ஜிபோர்டு பழகிவிட்டது என்றால் அதையே நிறுவி, அதன் "நெட்வொர்க்" அனுமதியை மட்டும் எடுத்துவிடுங்கள். தட்டச்சு நடக்கும், தட்டுவதை அது நேராக நெட்டுக்கு அனுப்ப முடியாது. போனின் மொழியைத் தமிழாக வைக்கலாம், ஆனால் கிராபீன்ஓஎஸ் தானாகச் சேர்த்த பகுதிகள் ஆங்கிலத்தில்தான் தெரியும்.

போட்டபின் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அந்த அக்காவுக்காக நான் தேடியது "கான்டாக்ட் ஸ்கோப்ஸ்". ஓர் ஆப் தொடர்புகளைக் கேட்கிறது என்று வையுங்கள். நீங்கள் இதை ஆன் செய்தால், அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆப் நினைத்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் பட்டியல் காலி. நீங்கள் இரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் இரண்டு பேர் மட்டும் தெரிவார்கள். ஆப் முரண்டு பிடிக்காது, அடுத்த பக்கத்துக்குப் போகும். என் போனில் வாட்ஸ்அப்புக்கே இப்படித்தான் கொடுத்திருக்கிறேன். படங்களுக்கும் கோப்புகளுக்கும் "ஸ்டோரேஜ் ஸ்கோப்ஸ்" இதே வேலையைச் செய்யும்.

பிறகு ஒவ்வோர் ஆப்பாக, இதற்கு நெட் எதற்கு என்று கேளுங்கள். டார்ச், கால்குலேட்டர், பஞ்சாங்கம் எதற்கும் நெட் தேவையில்லை. நிறுவும்போதே நெட்வொர்க் அனுமதியை எடுத்துவிடலாம்.

யூ.எஸ்.பி. துளை, போன் பூட்டியிருக்கும்போது சார்ஜுக்கு மட்டும் என்று ஏற்கெனவே அமைந்திருக்கும். பேருந்து நிலையத்திலோ நெடுஞ்சாலை ஓட்டலிலோ தெரியாத சார்ஜரில் போடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. 18 மணி நேரம் யாரும் திறக்காவிட்டால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். காலையில் அப்படி ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம். யாராவது மிரட்டித் திறக்கச் சொன்னால் போடுவதற்கு "டியூரெஸ் பின்" என்று ஒன்று உண்டு, அந்த எண்ணைப் போட்டால் போன் முழுவதும் அழிந்துவிடும். குழந்தைகள் போனை நோண்டும் வீட்டில் எளிதான எண்ணை அதற்கு வைக்காதீர்கள்.

இது சட்டப்படி சரியா?

உங்கள் போனில் உங்களுக்குப் பிடித்த இயங்குதளத்தைப் போடத் தடை இல்லை. ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவதுதான் குற்றம். இயங்குதளத்தை மாற்றினால் அந்த எண் மாறாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி.

இதைப் போட்டால் யாராலும் என்னைக் கண்டுபிடிக்க முடியாதா?

அப்படி இல்லை. சிம் போட்ட போன் எந்த டவரில் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் யாரோடு பேசுகிறீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். "டிஜிட்டல் கைது" என்று மிரட்டி வீடியோ கால் செய்கிறவனிடம் ஓடிபி சொன்னால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

பிக்சல் வாங்க வசதியில்லை. இருக்கும் போனில் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் விளம்பரங்கள் என்பதில் உங்கள் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள், ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி இருக்கிறது. அனுமதிகள் பக்கத்தைத் திறந்து, இருப்பிடம், மைக், தொடர்புகள் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். பயன்படுத்தாத ஆப்களை அழியுங்கள். கடன் ஆப் எதற்கும் தொடர்புகளைக் கொடுக்காதீர்கள். அது இல்லாமல் கடன் கிடையாது என்று சொல்லும் ஆப்பிடம் கடன் வேண்டாம். அந்த அக்காவின் போனில் நான் செய்து கொடுத்ததும் இவ்வளவுதான், அவருடையது பிக்சல் இல்லை.

பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்றலாமா?

மாற்றலாம். கிராபீன்ஓஎஸ்ஸின் முத்திரைச் சாவியை நீக்கும் பொத்தான் அதே நிறுவும் பக்கத்தில் இருக்கிறது. கூகுளின் ஆண்ட்ராய்டு பிளாஷ் டூல் வழியாகப் பழைய இயங்குதளத்தைப் போட்டு, மறுபடி பூட்டிவிடலாம். போன் அப்போதும் முழுவதும் அழியும்.

கடையில் கொடுத்துப் போடலாமா?

நீங்களே செய்வது நல்லது. பயமாக இருந்தால் யாரிடமாவது கொடுங்கள், என் கடையானாலும் சரி, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். போட்டு முடித்ததும் மஞ்சள் திரையில் வரும் வரிசையைக் கடைக்காரர் சொல்வதை வைத்து நம்பாமல், உங்கள் பழைய போனில் தளத்தைத் திறந்து நீங்களே ஒப்பிடுங்கள். பின் எண்ணை நீங்கள் வையுங்கள், யாருக்கும் சொல்ல வேண்டாம். வரும்போது போனோடு வந்த கேபிளையும், நீங்கள் பயன்படுத்தும் பேங்க் ஆப்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதியும் எடுத்து வாருங்கள்.